பதினெட்டு லீற்றர்

தூக்கினால் கலப்பை நிற்பதில்லை.
ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள்
தானாக இறங்கி
செம்மண்ணில் மூக்கை ஊன்றிவிடும்,
பிரசங்கத்தின் நடுவே தலை சரிகிற ஆளைப் போல.

"பம்ப் போட்டுது" என்றார் பெனடிக்ற்,
மூடியைக்கூடத் திறந்து பார்க்காமல்.
ஒரு லட்சத்து நாற்பதாயிரம் என்றார்,
கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

யப்பானில் பழசாகி ஏழாலைக்கு வந்த மிசின்.
கூட வந்த புத்தகத்தில் எழுத்து எனக்கில்லை, படம் உண்டு:
ஒரு சொட்டு, ஓர் அம்புக்குறி, பக்கத்தில் முந்நூறு.
மணிக்கணக்குக் காட்டும் பெட்டியைப் பார்த்தேன்.
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
கணக்கு எனக்கு வரும்.

பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினேன்.
குளிர்ந்த எண்ணெய் பிடிவாதம் பிடிக்கும்,
சூடேறினால் உள்ளதையெல்லாம் சொல்லும்.
வயிற்றுக்குக் கீழே ஒரு திருகு,
பின்சில்லுகளுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு.
உடுப்புத் தோய்க்கிற பேசினை அடியில் தள்ளி
பதினேழாம் நம்பர் சாவியால் ஒரு நெம்பு.

வந்தது பொன்னிறம் இல்லை.
பால் விட்ட தேத்தண்ணி.
போன மாரி முழுக்கப் படங்கு போடாமல்
முற்றத்தில் விட்டேனே, அந்த மழை.
மார்கழி மழை
ஐப்பசியில் என் பேசினுக்குள் இறங்கியது.

நடுவே மோட்டார் சைக்கிள் சத்தம்.
லீசிங் பொடியன். கழுத்துப்பட்டி, கையில் பைல்,
நெஞ்சில் நிரோஜன் என்று ஒரு தகடு.
இரண்டு தவணை பிந்திவிட்டதாம்,
வாகனத்தைப் பார்த்து எழுதவேண்டுமாம்.
"பாரும். ஒயில் இறக்கியாச்சு.
இப்ப கொண்டுபோறதெண்டால் தள்ளிக்கொண்டுதான் போகவேணும்."
வந்த சிரிப்பைப் பைலால் மறைத்தான்.

பழைய பில்ரர் என் இரண்டு கைக்கும் அசையவில்லை.
சைக்கிள் ரியூப்பைச் சுற்றி இழுத்தோம்.
ஆம், இழுத்தோம். பைல் அப்போது சீற்றில் கிடந்தது.
உள்ளே வலைச்சல்லடையின் காந்தத்தில்
இரும்புத்தூள்
மயிர்க்கொட்டி போலச் சிலிர்த்து நின்றது.
தூள்தான். துண்டு இல்லை.
துண்டாக இருந்தால் பெனடிக்ற் சொன்னது சரி.

வேலிக்கு மேலால் கதிரமலை அண்ணையின் தலை:
"மங்களேஸ், பழைய ஒயிலை எனக்குத் தா,
தூணுக்குப் பூச. கறையான் கிட்டவும் வராது."
நான் வாயைத் திறக்க முன் பொடியன் சொன்னான்:
"வேண்டாம் ஐயா, மண்ணில பட்டால் கீழ போகும்.
நான் சுன்னாகம்.
எங்கட கிணத்தில வாளி போட்டால்
வாளிக்குள்ள வானவில் வரும்.
பவுசர் தண்ணிக்கு வரிசையில நிண்டுதான்
நான் சோதினைக்குப் படிச்சது."

பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.
பேசினை ஆளுக்கொரு விளிம்பாய்ப் பிடித்து
கான்களுக்குள் சரித்தோம்,
பிள்ளைக்கு மருந்து பருக்குகிற பக்குவத்தில்.

புதுப் பில்ரரின் ரப்பர் வளையத்தில்
புது எண்ணெய், ஒரு விரல்.
கையால் மட்டும் இறுக்கு என்கிறது படம்,
சாவிக்குக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு.
புனலை அவன் பிடித்தான்.
பதினெட்டு லீற்றரும் இறங்கி முடிய
சேட்டுக் கை மடிப்பில் ஒரு தேன்நிறப் பொட்டு.
அது போகாது. நான் சொல்லவில்லை.

ஸ்ராட்.
முதலில் ஒரு முனகல். பிறகு அடைபட்ட காற்று
விக்கி விக்கி வெளியேற, கலப்பை எழுந்தது.
ஏறி, இறங்கி, ஏறி, ஐந்து தரம்.
ஆறாம் தரம் மேலே விட்டு
தேத்தண்ணி குடித்தோம். கோப்பை கழுவினேன்.
நின்றது.

அவன் படிவத்தில் எழுதினான்:
வாகனம் இயங்கு நிலையில்.
தவணைக்கு எதிரே: வெங்காய நடுகைக்குப் பிறகு.

பழைய எண்ணெய்க் கான்கள் நாலு
இன்னும் சாய்ப்புக்குள், சீமெந்துத் தரையில்.
எங்கே கொடுப்பதென்று பிரதேச சபையில் கேட்டேன்.
வேறு கந்தோரில் கேட்கச் சொன்னார்கள்.

அன்றிரவு கலப்பையைத் தூக்கியபடி விட்டு
கீழே கல் அடுக்கினேன், நாலு விரல் இடைவெளி வைத்து.
விடிய எழும்பி, முகம் கழுவாமல் போய்
கொழுமுனைக்கும் கல்லுக்கும் நடுவே கையை வைத்தேன்.
மூன்று.

அந்த மூன்று விரலோடு
புன்னாலைக்கட்டுவனில் அன்றைக்கு
ஆறு பரப்பு உழுதேன்.