ஏழாம் அத்தியாயம் வரை

புதுப் புத்தகம் இருநூற்றுப் பதினெட்டு டாலர்.
எனக்கு நாற்பதுக்குக் கிடைத்தது,
முதுகு பிய்ந்து, ஒட்டுநாடாவில் தொங்கிக்கொண்டு.
முதல் பக்கத்தில் நீல மையில் ஜெரால்ட் ஸ்னூக்.
யாரென்று தெரியாது.

செயின்ட் ஜான்ஸில் ஜனவரி, காலை எட்டு மணி வகுப்பு.
துறைமுகத்திலிருந்து ஏறிவரும் காற்று
கதவைத் திறக்க விடாது, திறந்தால் மூட விடாது.
முந்நூறு பேர். ஈர பூட்ஸ் வாடை.
பேராசிரியர் ஹாலரன் பலகையில் இரண்டு கோடுகள் இழுக்கிறார்,
ஒன்று இறங்குகிறது, ஒன்று ஏறுகிறது,
வெட்டிக்கொள்ளும் புள்ளியில்
விற்பவருக்கும் திருப்தி, வாங்குபவருக்கும் திருப்தி.
யாராவது தும்மினால் 'நூறு' என்பதுபோல
ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் சேர்த்துக்கொள்கிறார்:
பிற நிலைமைகள் மாறாதிருக்க.

என் பக்கத்து இருக்கை டெனிக்கா பார்டி.
அவள் அம்மாவுக்கு நண்டுத் தொழிற்சாலையில் வேலை,
கால்களை முறித்துப் பிரிக்கும் வரிசையில்.
ஒரு வசந்தத்தில் விலை படியாமல்
ஆறு வாரம் படகுகள் கட்டிக் கிடந்ததை,
வீட்டில் தொலைபேசி அடித்தால் யாரும் எடுக்காததை
அவளுக்குச் சொல்லத் தெரியும்.
படம் போடத்தான் தெரியவில்லை.
இடைத்தேர்வில் ஐம்பத்தொன்று.

மாலையில் நான் டோனட் கடையில்.
மூடும்போது மிஞ்சியது எங்களுக்கு.
நான்காவது டோனட்டில் இறுதிநிலைப் பயன்பாடு
பூஜ்யமாகும் என்கிறது புத்தகம்.
எனக்கு ஆறாவதிலும் ஆகவில்லை.
புத்தகம் எழுதியவர் சாப்பிட்டுவிட்டு எழுதியிருக்க வேண்டும்.

ஸ்னூக்கின் பென்சில் ஓரங்களில் முணுமுணுத்துக்கொண்டே வருகிறது.
இரண்டாம் அத்தியாயம்: 'தெரிந்ததையே சுற்றி வளைத்து.'
நான்கில் ஏதோ ஒரு ஹாக்கி ஆட்டத்தின் கோல் கணக்கு.
ஐந்தில், நெகிழ்ச்சிக்கு எதிரே:
'ரப்பர் மாதிரியா? வாடகை ரப்பர் இல்லை.'
ஏழாம் அத்தியாயம், பக்கம் நூற்று எழுபத்து மூன்று,
பயிற்சி ஒன்பது:
ஓராண்டுப் படிப்பின் வாய்ப்புச் செலவைக் கணக்கிடுக.

கணக்கிட்டிருக்கிறான்.
உதாரணத்துக்குப் போட்ட எண்கள் அல்ல.
கட்டணம், அறை, பேருந்து,
ஆல்பர்ட்டாவில் மணிக்கு முப்பத்தெட்டு,
பதினான்கு நாள் வேலை, ஏழு நாள் வீடு,
'அப்பாவின் படகுக் கடன்' என்று ஒரு வரி,
அதன் கீழ் தாள் கிழிய இரட்டைக் கோடு.
ஓரத்தில் 780இல் தொடங்கும் ஒரு தொலைபேசி எண்.

இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். விடை சரி.
பிறகு எட்டாம் அத்தியாயம்,
யாரும் நடக்காத பனிச் சாலைபோல வெள்ளை.
இந்தப் புத்தகத்தை முழுதாகப் புரிந்துகொண்டவன்
இதை மூடிவிட்டுப் போயிருக்கிறான்.

அன்றிரவு டோனட் ரசீதின் பின்பக்கம்
என் எண்களை எழுதினேன்.
அவையும் மேற்கேதான் சாய்ந்தன.
எதிர்ப் பத்தியில் எழுத எனக்கிருந்தவை:
நூலகத்தின் மூன்றாம் மாடிச் சன்னல்;
நடைபாதைப் பனியை யார் வாருவது என்று
பேருந்து முழுக்க டெனிக்காவோடு போட்ட சண்டை,
அது பொதுப் பண்டமா இல்லையா என்று;
கோடு இடம்பெயரும்போது
என் வயிற்றிலும் ஏதோ இடம்பெயர்வது.
இவற்றுக்கு டாலர் போடத் தெரியாமல்
ரசீதைக் கசக்கிக் கால்சட்டைப் பையில் வைத்தேன்.
துவைத்தபோது கூழாகியது.

மார்ச்சில் ஒருநாள் அந்த எண்ணை அழைத்தேன்.
'இந்த எண் பயன்பாட்டில் இல்லை' என்றது
ஒரு பெண்ணின் பதிவுக் குரல்.
பயன்பாடு என்றால் என்னவென்று
அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?
எட்டாம் அத்தியாயத்தைத் திறந்து
ஓரத்தில் என் பென்சிலால் எழுதினேன்:
'ஸ்னூக், வாடகை இன்னும் ரப்பர் ஆகவில்லை.'
எழுதிய வேகத்தில் அத்தியாயத்தையும் படித்து முடித்தேன்.

ஏப்ரலில், டெனிக்காவுக்கு அறுபத்து மூன்று.
என் மதிப்பெண்ணை விடுங்கள்.
புத்தகக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்களாம்,
புதுப் பதிப்பு வருகிறது.
அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைக் குத்தினேன்:
'நாற்பது டாலர். ஓரக் குறிப்புகள் உண்டு.'

மறுநாள் நாற்பதை அடித்து
டெனிக்காவின் கையெழுத்தில் முப்பத்தைந்து.
அதற்கடுத்த நாள், அதையும் அடித்து
யாரோ நாற்பத்தைந்து.