நீல நூல்

தெம்பனிஸ் பலமாடிக் கார்நிறுத்தம், ஐந்தாம் தளம்,
இரவு பதினொன்றரை.
நிரூபாவின் தையல்பெட்டியிலிருந்து எடுத்த நீல நூலில்
ஒரு சக்கர நட்டைக் கட்டி
மட்கார்டு விளிம்பிலிருந்து தொங்கவிடுகிறேன்.
ஆடுகிறது. காத்திருக்கிறேன்.
நிற்கிறது.

இடப்பக்கப் பின்சக்கரத்துக்கும் நூலுக்கும் நடுவே
சுண்டுவிரல் நுழைகிறது.
வலப்பக்கமோ டயர் நூலை வெளியே தள்ளுகிறது,
வகுப்புப் புகைப்படத்தில்
வரிசையை மீறி மூக்கை நீட்டும் பையனைப்போல.

காரைத் தாழ்த்தி மூன்று வாரம்.
சி.ஓ.இ. முடியப் பதினான்கு மாதம்.
"நசுக்கக் கொடுக்கப்போகும் வண்டிக்கா இவ்வளவும்?"
என்று கேட்டிருந்தாள்.
நியாயமான கேள்வி.
பதிலும் என்னிடம் இருந்தது,
வாயைத் திறந்தபோது காணவில்லை.

காக்கி புக்கிட்டில் பூன் கியாட்
அலைன்மென்ட் தாளை நீட்டினார்.
இடம் மைனஸ் ஒன்று புள்ளி எட்டு.
வலம் மைனஸ் ஒன்று புள்ளி எட்டு.
எல்லாக் கட்டமும் பச்சை.
"இரட்டைப் பிள்ளைகள்," என்று சிரித்தார்.

தாள் பொய் சொல்லாது. நூலுக்குப் பொய் சொல்லவே தெரியாது.
இரண்டு உண்மைகளை மடியில் வைத்துக்கொண்டு
எப்படித் தூங்குவது?

தரையைச் சந்தேகித்தேன்,
மழைநீர் வடியச் சாய்த்துப் போட்ட தளம் ஆயிற்றே.
காரைத் திருப்பி நிறுத்தினேன். வலம்தான்.
சக்கரங்களைச் சந்தேகித்தேன்.
இடத்ததை வலத்துக்கும் வலத்ததை இடத்துக்கும் மாற்றினேன்.
வலம்தான்.
புவியீர்ப்பைச் சந்தேகிக்கத் தொடங்கிய நேரத்தில்
சைக்கிளை உருட்டி வந்த பையன் நின்று பார்த்தான்.
"கார் ரிப்பேரா, அங்கிள்?"
முப்பத்தாறு வயதில் என் முதல் அங்கிள்.

வேகத்தடை ஒவ்வொன்றிலும் ஸ்ர்ர்.
தேக்காவில் வாங்கிய அரிசி பின்னால் இருந்தால்
இன்னும் கொஞ்சம் நீளமாக.

சனிக்கிழமை லிஃப்டில் ஏற்றினோம்.
கார் தலைக்கு மேலே நிற்கையில்
அது என்னுடையது போலவே இல்லை.
பூன் கியாட் சப்ஃபிரேமின் போல்ட் ஒன்றில்
விளக்கைப் பிடித்தார்.
வாஷரின் ஓரத்தில்
துரு ஏறாத ஒரு பிறை.
நகக்கண் அளவு. பளிச்சென்று.
முன்பு மூடிக்கிடந்த இடம்.

சட்டம் முழுதுமே நகர்ந்திருக்கிறது, மூன்று மில்லிமீட்டர்.
அதில் உட்கார்ந்த இரு சக்கரங்களும்
ஒன்றையொன்று பார்த்தபடியே
கூடவே போயிருக்கின்றன.
இயந்திரம் அவற்றிடம் கோணத்தைக் கேட்டது,
சரியாகச் சொல்லிவிட்டன.
மேலே இருந்த உடம்பை
யாரும் விசாரிக்கவில்லை.

"எங்காவது கல்லில் இடித்தாயா?"
"நானா? இல்லவே இல்லை."

கண்டுபிடித்தவனின் மிடுக்கோடு
நிரூபாவுக்குப் போன் போட்டேன்.
பிறையைச் சொன்னேன், மூன்று மில்லிமீட்டரைச் சொன்னேன்.
அந்தப் பக்கம் கொதிகேத்தலின் சத்தம்.
"பாசிர் ரிஸ்ல மழையில வழுக்கி
இடப்பக்கம் விளிம்புக்கல்லுல மோதினேனே.
ஹரி ராயா லீவுல.
அன்னிக்கே சொன்னேன்.
டயர் விலை பாத்துக்கிட்டு இருந்தீங்க.
ம்னீங்க."

ம்.

போல்ட்களைத் தளர்த்திவிட்டு
நீளக் கம்பியைக் கொடுத்து நெம்பினார்.
டக்.
கொண்டி விழுவது போல, அவ்வளவுதான்.
பிறை உள்ளே போயிற்று.
எழுபது வெள்ளி, ஒரு கோப்பி ஓ.

இரவு மறுபடி ஐந்தாம் தளம்.
இம்முறை நிரூபா டார்ச் பிடித்தாள்,
தூக்கக் கலக்கத்தில், என் பழைய டி-சட்டையில்.
நட்டு ஆடி நின்றது.
இடமும் வலமும் ஒன்றுதான்.
உற்றுப் பார்த்தால் வலம் இன்னும் ஒரு நூல் வெளியே.
பார்க்கவில்லை.

நட்டை அவிழ்த்து நூலைச் சுற்றிக்கொண்டிருந்தபோது
அவள் ஏதோ சொன்னாள்.

"என்ன சொன்ன?"

டார்ச்சை என் கையில் திருப்பினாள்.
"முழுக்க கிரீஸ்.
இனி இந்த நூல் ரவிக்கைக்கு ஆகாதுன்னேன்."