ஒன்றுமில்லை

இன்றைக்கு ஒன்பது லோடு.
கடைசி லோடை உடன்குடியில் இறக்கிவிட்டு
ஈரச் சட்டையோடே ஒத்திகைக்கு வந்தேன்.
பேஸ், இரண்டாம் வரிசை, தூணுக்குப் பக்கம்.
ஜன்னலுக்கு வெளியே தேரி
இருட்டியும் சூடு ஆறாமல் கிடக்கிறது.

எலியா மழை கேட்கிற இடம்.
சுரம் போட்டவர் ஜெர்மன்காரர்,
முதல் கச்சேரி நடந்த மறு வருஷமே போய்ச் சேர்ந்தார்,
முப்பத்தெட்டு வயதில்.
எனக்கு இந்த ஆகஸ்டில் முப்பத்தெட்டு.
"அவரு ஊர்ல மழைக்கு என்னண்ணே பஞ்சம்?"
"பாடுறதைப் பாடும்வே" என்றார் கோயில்பிள்ளை அண்ணன்.
மின்வாரியத்தில் லைன்மேன்.
அவர் கையை உயர்த்தினால்
கம்பத்தின்மேல் நிற்கிற மாதிரியே இருக்கும்,
கீழே முப்பத்தொரு பேர்
கரண்டுக்குக் காத்திருப்போம்.
தமிழ் வார்த்தைகளும் அவர் பொருத்தியவைதான்;
சில சுரங்களில் முழங்கை இடிக்கும்.
சோல்ஃபா தாள், ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ்,
மங்கின இடத்தில் ஆளுக்கொரு சுரம்.

மலைமேல் மண்டியிட்டுத் தீர்க்கதரிசி
வேலைக்காரப் பையனை ஏவுகிறார்:
ஏல, ஏறிப்போய்க் கடலைப் பாரு.

பையன் பாகத்துக்குப் பையன் இல்லை.
ஜெர்சனுக்கு ஈஸ்டரோடு குரல் உடைந்தது,
இப்போது என் பக்கத்தில் நின்று
புதுத் தவளையாய் பேஸ் பாடுகிறான்.
ஆகவே எமீமாள், எட்டாம் வகுப்பு,
மணிக்கயிற்றுக்குக் கீழே, மூன்றாவது படியில்.
காலையில் குடம் பன்னிரண்டு ரூபாய் என்று
நான் ஊற்றின தெரு அவள் தெரு.
என் முகத்தைப் பார்க்கவில்லை,
குழாயின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றுமில்லை, என்று பாடுகிறாள்.
ஆர்கன் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு
விடமாட்டேன் என்கிறது.
நடிப்பில்லை அவளிடம்.
குடத்தைக் கவிழ்த்துக் காட்டுவதுபோல்
ஒன்றுமில்லை.

வேதத்தில் ஏழு தடவை போய்ப் பார்க்கிறான்.
ஜெர்மன்காரர் மூன்று 'இல்லை'யோடு இரங்கிவிட்டார்.
அதற்கு மேல் மேகம்.

நான் போன வருஷம்
இரண்டாவது லாரிக்கு முன்பணம் கட்டினேன்.
கிணறு ஊறினால் தவணை நிற்கும்.
ஞாயிறுதோறும் மழைக்கான ஜெபத்துக்கு
நானும் ஆமென் சொல்கிறேன்.
பேஸ் ஆமென். அடியில் கிடக்கும்,
தனியே யாருக்கும் கேட்காது.

நாலாவது தடவை மேகம் வரவேண்டும்.
நாங்கள் மூச்சை இழுத்து நிற்கிறோம்,
பெருமழையைக் கொட்ட.
எமீமாள் பாடினாள்:
ஒன்றுமில்லை.

ஜெர்சன் களுக்கென்று சிரித்தான்.
"பக்கம் விட்டுப்போச்சு மாமா, என் தாள்ல அது இல்ல."
தாளை அசைத்துக் காட்டினாள்.
அண்ணன் கை அப்படியே உயரத்தில் நின்றது.
அந்த நேரத்தில், ஐயோ,
எனக்குள் என்னமோ சாவகாசமாய் உட்கார்ந்தது,
நோட்டை மூடின கணக்கப்பிள்ளை மாதிரி.

தாள் கிடைத்தது. மறுபடி பாடினோம்.
உள்ளங்கை அத்தனை மேகம் எழுந்தது,
தூண் அதிர மழை பெய்தது.
நானும் பெய்தேன்.
நல்லா இருந்துச்சு பேஸ் என்றார் அண்ணன்.

வெளியே வந்தால் நட்சத்திரம், துளி மேகமில்லை.
லாரிக்கு அடியில் வால்வு ஒழுகி
செம்மணலில் ஓர் ஈரம்.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
ஐந்து விரல்கூடச் சொல்லலாம் போலிருந்தது.

குனிந்து வால்வை முறுக்கினேன்.
பழக்கம்.