குழாய்க் கோபுரம்

ஜூலை முழுக்க மழை.
இன்னும் நான்கு நாள் மண்ணில் விட்டால்
தோல் கிழிந்து பல் பல்லாகச் சிதறிவிடும் என்று
கீழ் இலைகள் பழுத்ததும் பிடுங்கிவிட்டேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
சேறோடு, தாளோடு, தாடி மாதிரி வேரோடு.

கழுவக் கூடாது.
கழுவினால் பளிச்சென்று இருக்கும்,
கிறிஸ்துமஸுக்குள் கறுத்துவிடும்.
கட்டைவிரலால் மண்ணை வழித்தேன்,
தூங்குகிறவன் முகத்தில் ஈ ஓட்டுவதுபோல்.

எங்கே தொங்கவிடுவது?
கொட்டகை ஒழுகுகிறது.
பேருந்து ஓட்டப் போட்டுப்போகும் என் சீருடையே
மூன்று நாளாகச் சமையலறையில் காயாமல் கிடக்கிறது.
அதன் பக்கத்தில் இரண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தேன்.
ஐந்தாம் நாள் தாளைத் தொட்டால்
விரலில் சாம்பலாக ஒட்டியது பூஞ்சணம்.

இந்த மொராவியச் சரிவில்
காற்று ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேற,
வெயில் எட்டிப் பார்க்காத இடம் ஒன்றுதான்:
தீயணைப்பு நிலையத்துக் கோபுரம்.
பன்னிரண்டு மீட்டர், பலகைச் சுவர், உச்சியில் கப்பி.
நனைந்த குழாய்களைத் தொங்கவிட
ஊரார் சேர்ந்து கட்டியது.
சாவி ஹினெக்கிடம்.

ஹினெக்கும் நானும் பேசி ஆறு வருடம்.
வேலி தாண்டிய என் பிளம் மரக் கிளையை
நான் வேலைக்குப் போன நேரத்தில் வெட்டி
என் வாசலில் அடுக்கி வைத்தவன்.
அடுக்கியது வேறு அவ்வளவு நேர்த்தியாக!

கைவண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.
"பூண்டு" என்றேன்.
வண்டியைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான்.
"பத்துப் பத்தாகக் கட்டு.
இருபது கட்டினால் நடுவில் புழுங்கும்."
ஆறு வருடத்துக்குப் பின் முதல் பேச்சு,
அதுவும் எனக்குத் தெரிந்த சேதி.
பத்துப் பத்தாகவே கட்டினேன்.
கயிற்றை அவன் இழுத்தான்.
இருபத்தொரு கட்டும்
தலைகீழாக இருட்டுக்குள் ஏறின.

மழை விட்டது.
பதினாறாம் நாள் இரவு சங்கு அலறியது.
மர அறுவை ஆலையில் ஈர மரத்தூள் குவியல்
உள்ளுக்குள்ளேயே புழுங்கிப் புழுங்கித்
தானே பற்றிக்கொண்டதாம்.
ஈரத்துக்குள் நெருப்பு இருக்கும் என்று
அன்றுதான் தெரிந்தது எனக்கு.

விடியும் முன் வண்டி திரும்பியது.
எட்டுக் குழாய், ஒவ்வொன்றும் இருபது மீட்டர்,
சொட்டச் சொட்ட.
இறக்கிவிடுகிறேன் என்று கயிற்றில் கை வைத்தேன்.
இன்னும் கழுத்து காயவில்லை,
அழுத்தினால் பச்சையாகப் பிதுங்கும்.

முகமெல்லாம் கரி அவனுக்கு.
"உன் பிளம் மரம்" என்றான்,
"மிச்சக் கிளை தாங்குமா?"

காலையில் ஜன்னல் திறந்தால்
மரத்திலிருந்து வேலிக்கு,
வேலியிலிருந்து துணிக்கொடிக்கு,
அங்கிருந்து காலியான பூண்டுப் பாத்தி நெடுக
என் தோட்டம் முழுக்கக் குழாய்.
சீருடையைக் காயப்போட இடமில்லை.

நாலாம் வாரம் கட்டுகள் இறங்கின.
உள்ளங்கையில் உருட்டினால்
பழைய கடிதம் மாதிரிச் சரசரத்தது தோல்.
தாளை நறுக்கினேன், வேரைச் சிரைத்தேன்.
பெரிதாக முப்பதை ஒதுக்கினேன்,
அக்டோபரில் உடைத்து ஊன்ற.
பல் பெரிதானால்தான் பூண்டும் பெரிதாகும்.
மீதியை வலைப்பையில் போட எண்ணினேன்.

இருநூற்று ஏழு.
மறுபடி எண்ணினேன். இருநூற்று ஏழு.
நிலையத்து மேசையில் ஒரு பலகை,
வெள்ளைச் சருகு கொஞ்சம்,
கழுவிக் கவிழ்த்த சூப்புக் கிண்ணங்கள்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த கூட்டத்தில்
குழாயெல்லாம் பூண்டு நாறுகிறது என்று
யாரோ எழுந்து குறை சொன்னார்களாம்.
தலை நிமிராமல்
"நாற்றமா? என்ன நாற்றம்?" என்று
கேட்டானாம் ஹினெக்.