நாடாவின் மறுமுனை

அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க
ஒரு ஆள் வேணுமென்று
நிலைய அதிபர் என்னை அனுப்பினார்.
காலை ரெயில்பஸ் போய்விட்டது. அடுத்தது மூன்றேகாலுக்கு.
அதுவரை கடவையில் எனக்கென்ன வேலை,
மாடுகளுக்குக் கை காட்டுவதைத் தவிர.

கொழும்பிலிருந்து வந்தவர் பெயர் சோமவன்ச.
சேற்றைக் கண்டால் சப்பாத்தைக் கழற்றிக்
கையில் எடுத்துக்கொண்டு நடக்கிற மனுசன்.
மற்றக் கையில் பட்டியல்:
சீனன்குடாவிலிருந்து திருகோணமலை வரை
தண்டவாளம், சிலிப்பர் கட்டை, ஆணி,
வண்டி ஓடாத ஆண்டுகளுக்கு எதிரே
இலக்கங்கள் நீளமாய்.
மேலே பெரிய எழுத்தில் தலைப்பு:
காணாமற் போனவை.

அந்தச் சொல்லை இந்த ஊரில்
கொஞ்சம் மெதுவாய் வாசியுங்கோ, என்றேன்.
அவருக்குத் தமிழ் விளங்கும்.
என்றாலும் என்ன சொன்னாய் என்று
இன்னொருமுறை கேட்டார்.

றம்சீனா வீட்டு நிலைப்படி சிலிப்பர் கட்டை.
வெயில் ஏறினால் இன்னும் தார் மணக்கிறது.
"அதாலதான் கறையான் வரயில்ல" என்றா அவ,
களவு என்று நினைக்காமல்,
நல்ல மரத்தைப் பற்றிப் பேசுகிற குரலில்.
சிவப்புப் பெயின்ற்றில் ஒரு புள்ளி வைத்தார்.
பரஞ்சோதி கிணற்றில் கப்பி தொங்கும் தண்டவாளம்,
ஒரு புள்ளி.
அதன் இடுப்பில் ஆங்கில எழுத்து நாலு,
துரு தின்று மீந்த ஆண்டு பாதி.
கப்பலில் வந்து இறங்கிய இரும்பு.
கப்பல்களுக்கே எண்ணெய் இழுத்தது,
பிறகு கந்தளாய் நெல்லை, தம்பலகாமத்துச் சனத்தை,
இப்போது ஒரு வாளித் தண்ணீரை.

மண்மூட்டைகளுக்குள் படுத்த கட்டைகளை
யார் கொண்டுவந்தார், யார் கொண்டுபோனார் என்று
ஒருவரும் சொல்லவில்லை.
அவரும் கேட்கவில்லை.
அந்தக் கட்டத்தை வெறுமையாய் விட்டுவிட்டு
பேனாவை உதறினார், மை இல்லாதது போல.

பதினொன்று இருபதுக்குப் பள்ளிக்கூடம்.
வேம்பின் கிளையில், சங்கிலியில்,
மூன்றடித் துண்டு.
ரெயில்வே இரும்போ துறைமுகத்து இரும்போ
தட்டிப் பார்த்தால்தான் தெரியும், என்றார்.
தட்டாதீங்கோ, என்று சொல்ல வாய் திறந்தேன்.
தட்டிவிட்டார்.

நல்ல இரும்பு. குடாவின் அக்கரை வரை போயிருக்கும்.
ஒன்றாம் வகுப்பு முதலில் வந்தது,
புத்தகப்பையின் ஒரு பட்டி மட்டும் மாட்டியபடி.
பிறகு எல்லா வகுப்பும்.
நான் பிடித்திருந்த நாடாவை ஒரு பொடியன் தாண்டினான்,
பின்னால் வந்தவர்களுக்கு அது விளையாட்டாயிற்று.
பெயின்ற் டப்பா கவிழ்ந்தது.
கணக்கு ரீச்சர் வெண்கட்டியோடு வாசலில் நின்று
யாரைத் திட்டுவதென்று தேடினா.
சுத்தியலைத் தூக்கிய கை இறக்க மறந்து
சோமவன்ச நின்றார்,
வீடு போகச் சொல்லும் அதிகாரம்
தன் வாழ்வில் முதன்முறை கிடைத்தவர் போல.

புள்ளி வைக்கப் பெயின்ற் இல்லை.
பட்டியலை முழங்காலில் வைத்து எழுதினார்:
தண்டவாளத் துண்டு ஒன்று. மூன்றடி.
நிலை என்ற இடத்தில் கனநேரம் யோசித்தார்.
எட்டிப் பார்த்தேன்.
பாவனையில், என்றிருந்தது.

மூன்றேகால் வண்டி நாலுக்குப் பத்து நிமிடம் இருக்க வந்தது,
முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு பஸ்,
இரும்புக் காலில்.
சிவந்துபோன சப்பாத்தைத் தூக்கியபடி ஏறினார்.
கேற்றைத் திறந்தேன். மாடுகள் கடந்தன.

நாடா பிடித்த நாளுக்குத்
தனிக் காசு இல்லையாம்.