இடது குதிகால்

யீஷூன் பலதுறை மருந்தகம், ஒன்பதாம் அறை.
கொண்டோ வாசலில்
இரவெல்லாம் காவல் நின்ற கால்
இப்போது ஸ்டூலின்மேல், விருந்தாளி மாதிரி.

இயந்திரம் வைத்துச் சீழை உறிஞ்சலாம் என்றார்கள்;
விலையைக் கேட்டதும்
சர்க்கரை கொஞ்சம் இறங்கியது.

தேன் தோய்ந்த வலைத்துணி போதும் என்றார்
நர்ஸ் ரோஹானா.
இனிப்பால் வந்த புண்ணுக்கு
இனிப்பையே பூசுகிறீர்களே என்றேன்.
சிரிக்கவில்லை; செத்த தோலை
வழித்துக்கொண்டிருந்தார்.

கட்டு ஒன்றுக்குச் சில வெள்ளி,
சம்பளத்தில் அடங்கும்.
வருவதும் வெள்ளிதோறும்.
பதினான்காம் வெள்ளி இது.

காகித அளவுகோலைக் குதிகாலில் வைத்து,
போன வாரம் ஒன்பது என்று மலாயில் முனகி,
எங்களிடம் பொறுக்கிய தமிழில்
இன்றைய மில்லிமீட்டரைச் சொன்னார்:

"ஆறு."

எண் என்று நினைத்துத்தான் சொன்னார்.
கால் அதை
ஏவலாக எடுத்துக்கொள்ளட்டும்.