ஓட்டோடு ஒரு முட்டை

கெமியார்வியில் பிப்ரவரி.
ஒரே படிவம், ஒரே நீலப் பேனா.
முதலில் அக்காவிடம், பிறகு தம்பியிடம்.

லெம்பிக்கு மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது.
"போன வாரம் எத்தனை பேரோடு பேசினீர்கள்?"
"வானொலியைச் சேர்த்தா, சேர்க்காமலா?"
காப்பியை அவரே ஊற்றினார்.
கை நடுங்கிப் பாதி தட்டில் விழுந்தது.
தட்டைத் தூக்கி அதையும் குடித்தார்.

புத்தாண்டு கழிந்த வாரம்
குளியல் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே
பதினோரு மணி நேரம் கிடந்திருக்கிறார்.
"சுவர் ஓடுகளை எண்ணினேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
ஒன்றில் மட்டும் கீறல்."

பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்
உங்கள் வாழ்க்கைக்கு எவ்வளவு?
"ஒன்பது."
பேனா நின்றது.
"ஒன்பதுதான். எழுது."

தாவெத்தி இருப்பது ஏரிக்கு அக்கரையில், இல்லத்தில்.
கதவு தானாகத் திறந்து உள்ளே விடும்;
வெளியே போகத்தான் நான்கு எண்கள் தெரியவேண்டும்.
அறையில் எந்நேரமும் இருபத்திரண்டு டிகிரி.
மாத்திரை ஒருநாளும் பிந்துவதில்லை.
விழுந்ததுண்டா?
"எங்கே விட்டார்கள்!"
எத்தனை பேரோடு பேசினீர்கள்?
"நாற்பது பேர் என்னோடு பேசினார்கள்."
கொஞ்சம் யோசித்தார்.
"நீ கேட்டது அதை இல்லையோ?"

"ஏழு போட்டுக்கொள். ஆறுதான்.
ஆறென்றால் சமையலறை மிர்வாவுக்கு முகம் வாடிவிடும்."
குறை ஏதாவது?
"முட்டை உரித்தே வருகிறது."

கணினியில் ஏற்றினேன்.
வீட்டில் வாழ்பவர் ஒன்பது, இல்லத்தில் வாழ்பவர் ஏழு.
அந்தப் பதினோரு மணி நேரத்தைப் போட
ஒரு கட்டமும் இல்லை.
மிர்வாவுக்காகக் கூட்டிய ஒன்றைக்
கழிக்கவும் வழியில்லை.

இரவு லெம்பி அழைத்தார்.
"அங்கே ஏரி தெரிகிற பக்கம்
கட்டில் ஏதும் காலியா?
எனக்கில்லை. சும்மா கேட்டேன்."
வைக்கப்போனவர் மறுபடி:
"ஒன்பதை மாற்றிவிடாதே."

வியாழக்கிழமை,
விதிமுறையில் இதற்கு இடமில்லை என்று தெரிந்தே,
கம்பளிக் கையுறைக்குள் ஓர் அவித்த முட்டை கொண்டுபோனேன்.
தாவெத்தி முதலில் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.
பிறகு கட்டில் கம்பியில் தட்டினார்.
தாழ்வாரம் முழுக்கக் கேட்டிருக்கும்.
யாரும் வரவில்லை.

நகத்தால் சுரண்டச் சுரண்ட
வெள்ளை விரிப்பெங்கும் ஓடு.
பொறுக்கக் குனிந்தேன்.
"தொடாதே" என்றார்.

முட்டை ஓரமாய் ஆறிக்கொண்டிருந்தது.
அவர் ஓடுகளை
ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார்.